கேள்விக்குறி போட்ட ஜாதகங்கள்

கணினி மறுபடியும் மறுத்தது.

கோப்பின் பெயரில் கேள்விக்குறி இருக்கக்கூடாதாம். வேறு பெயர் கொடுக்க வேண்டுமாம்.

அவள் பெருமூச்சு விட்டாள்.

திருமணத் தகவல் நிலையத்தின் பழைய கணினி படுத்துவிட்டது. அதற்கு முன்பே முதலாளி அருணகிரி எல்லா ஜாதகங்களையும் ஒரே ஜிப் கோப்பாக மூட்டை கட்டி வைத்திருந்தார். இன்று புதுக் கணினியில், அங்கே வேலை பார்க்கும் அவள் மூட்டையைப் பிரிக்கிறாள். பழையது எந்தக் குறியையும் பொறுத்துக்கொண்டது. புதியதற்கு ஆசாரம் அதிகம்.

அமைந்த வரன்கள் மொத்தமாக, சுளுவாக இறங்கிவிட்டன. பெண் பெயர், ஒரு கோடு, மாப்பிள்ளை பெயர்.

அமையாதவர்களுக்குத்தான் அவர் கேள்விக்குறி போட்டிருந்தார்.

ஆக, ஊர் தட்டிக்கழித்தவர்களைக் கணினியும் தட்டிக்கழித்தது.

அவள் ஒவ்வொன்றாகக் குறியை அழித்து உள்ளே விட்டாள். உயரம் போதாத பையன். வாய் நீளம் என்று பெயரெடுத்த டீச்சர். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிற வங்கிக்காரர்.

அடுத்தது:

அருணகிரி???

மற்றவர்களுக்கு ஒன்று. தனக்கு மட்டும் மூன்று.

ஊருக்கெல்லாம் ஜோடி சேர்க்கிற இடத்தில் இவரும் ஒண்டிக்கட்டை, இவளும் ஒண்டிக்கட்டை. எங்கள் தெரு பேசிப் பேசி ஓய்ந்தே போயிற்று. மழை பெய்தால் ஒரே குடையில்தான் வருவார்கள். குடைக்கடியில் நடுவில் விட்ட இடைவெளி மட்டும் நனையாமல் வரும். இரண்டு பேரும் தெப்பல்.

"என்னங்க, எல்லாம் வந்துடுச்சுங்களா?" முன்னறையிலிருந்து அவர்.

இத்தனை வருடத்தில் ஒரு 'ங்க' குறைந்ததில்லை.

"ஒன்னே ஒன்னு அடம்பிடிக்குதுங்க."

"வராட்டி விட்டுடுங்க."

அவள் விடவில்லை.

மூன்று குறிகளையும் அழித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நாளைக்கே அவர் கண்ணில் படும். பட்டால், இந்த நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது?

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அலுவலக வழக்கப்படி தன் பெயரை முன்னால் அடித்தாள். நடுவில் கோடு.

செங்கமலம் - அருணகிரி

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓகே அழுத்தினாள்.

கணினி ஏற்கவில்லை.

இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்றது.