ஆறு வருடம், ஆறு புகார்

“ஆறு வருஷத்துல ஆறே புகார் சார்!” என்றார் புகார்ப் பிரிவு மேனேஜர். அவருடைய பதவி உயர்வு உத்தரவில் கையெழுத்துப் போட எம்.டி. பேனாவைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம் சார்,” என்றாள் புதிதாகச் சேர்ந்த டேட்டா இன்ஜினீயர். “அது புகாரோட கணக்கு இல்ல. வரியோட கணக்கு.”

கம்பெனியின் ஆன்லைன் புகார்ப் பெட்டியில் விழுவதெல்லாம் வருடத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாகச் சேர்கிறது. அதில் ஒவ்வொரு புகாருக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி, பின்னால் ஒரு முடிவுக் குறி உண்டு. ஆனால் எங்கேயும் என்டர் தட்டப்படாததால் ஃபைல் முழுவதும் ஒரே வரி. வரிக்கு ஒரு புகார் என்று எண்ணும் மென்பொருளுக்கோ, வருடம் முழுவதற்கும் ஒரே புகார்!

“நீங்க இதைத் திறந்தே பார்க்கலையா?” என்று மேனேஜரைக் கேட்டார் எம்.டி.

“பார்த்தேன் சார். கூட்ஸ் வண்டி மாதிரி ஓடுது, தலையும் புரியல, வாலும் புரியல. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டேன்.”

“பிரிச்சுடும்மா.”

மேனேஜர் அவள் காதருகே குனிந்தார். “வேணாம் தாயே, கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். பிரமோஷன்னு என் பொண்டாட்டி தெரு முழுக்கச் சொல்லிட்டா.”

அவள் தரவைப் பிரித்து அட்டவணையில் அடுக்கும் மென்பொருளைத் திறந்தாள். முடிவுக் குறி வரும் இடமெல்லாம் வரியை உடை, உடைந்ததைத் தனி வரிசையில் வை என்று விதி எழுதினாள். ஓடவிட்டதும் ஆறு, அறுநூறு ஆனது. ஆயிரத்து நானூற்று எண்பத்தேழில் போய் நின்றது.

மேனேஜர் கண்ணை இறுக மூடி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

எம்.டி. படித்தார். “‘ஃபைலைப் படிக்க முடியவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.’ அடுத்ததும் இதே! கடைசி வரைக்கும் இதேதான்! அத்தனையும் காலையில ஒன்பது அஞ்சுக்கு, ஊழியர் எண் நூத்திப்பதினேழு!”

உத்தரவு இரண்டாகக் கிழிந்தது. “நம்ம ஆளு ஒருத்தன் ஆறு வருஷமா கத்தியிருக்கான், உங்க பிரிவு எட்டிக்கூடப் பார்க்கல. ஒரு தடவையாவது கோபப்பட்டானா? எல்லாத்துலயும் ‘தயவுசெய்து’! இந்தப் பொறுமைக்குத்தான்யா பதவி குடுக்கணும். யாரும்மா அந்த நூத்திப்பதினேழு? உடனே கூப்பிடு.”

அவள் ஊழியர் பட்டியலைப் பார்த்தாள். பிறகு மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவரேதான் சார்.”