ஓசூருக்குப் போகும் பூந்தொட்டிகள்

"அம்மா, அதைத் தொடாதே! பெயிண்ட் இன்னும் காயல. விரல் பட்டா கிளிக்கு மூக்கு போயிடும்."

"தொடலைடி. ஆசையாப் பாக்கக்கூடக் கூடாதா?" என்றாள் சென்னம்மாள்.

மாட்டுக் கொட்டகையைக் கூட்டி மெழுகி, அங்கேதான் முனிலட்சுமி பூந்தொட்டிகளைப் பரப்பி வைத்திருந்தாள். மண் தொட்டிகளுக்கு வெள்ளை அடித்து, மேலே பச்சையில் இலைக்கொடி, சிவப்பு மூக்குக் கிளி, விளிம்பைச் சுற்றி மஞ்சள் புள்ளி. ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தது.

மாசி மாதம் ஓசூரிலிருந்து சரோஜம்மாள் தன் மகனோடு தொரப்பள்ளிக்கு வந்து முனிலட்சுமியைப் பெண் பார்த்துவிட்டுப் போனாள். பையன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. முனிலட்சுமிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் கேசரியைத் தின்றுவிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு, ஜாதகம் சரியில்லை என்று ஆள் விட்டுச் சொன்னவர்கள்தான். பார்க்க வரும் முன்னே பொருந்திய ஜாதகம், பார்த்துவிட்டுப் போனதும் பொருந்தாது. அது என்ன மாயமோ!

சரோஜம்மாள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் இருந்த பூந்தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"யாருங்க இதெல்லாம் வரைஞ்சது?"

"எல்லாம் எங்க பொண்ணு கைவேலைதாங்க."

"சொல்லி அனுப்பறோம்" என்று வண்டியேறிப் போனாள். சொல்லி அனுப்பவில்லை. ஒரு வண்டி நிறைய வெறும் தொட்டிகளையும் பெங்களூர் பெயிண்ட் டப்பாக்களையும்தான் அனுப்பினாள். "வீட்டு வாசலுக்காம். வைகாசிக்குள்ள வரைஞ்சு வைக்கச் சொன்னாங்க" என்றான் வண்டிக்காரன்.

வைகாசியில்தான் முகூர்த்தம் என்று சென்னம்மாள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அவள் புருஷன் வெங்கடப்பனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "எதுக்கும் ஒரு எட்டு ஓசூர் போயிக் கேட்டுட்டு வந்துடட்டுமா?"

"பொண்ணைப் பெத்தவங்க நாமாப் போய் நின்னா என்ன மரியாதை? நாளைக்கு அதையே சொல்லிக் காட்ட மாட்டாங்களா? ஊரான் வீட்டுப் பொண்ணுகிட்ட எவளாச்சும் தன் வீட்டு வாசலை அலங்காரம் பண்ணச் சொல்லுவாளா? மருமகள்ங்கற உரிமையிலதானே அனுப்பியிருக்காங்க!"

வெங்கடப்பன் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முனிலட்சுமிக்கோ சரோஜம்மாளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது. முகத்தைப் பார்த்த பிறகும் ஒரு வீடு தன்னை வேண்டும் என்கிறதே! அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு இலைகூடக் கோணாமல் வரைந்தாள்.

"ஏம்மா, அந்த வீடு எந்தத் திசை பாத்த வாசல்? மேக்கு வெயில் அடிச்சா சிவப்பு வெளுத்துடும்."

"நீதானே தெனம் தண்ணி ஊத்தப் போறே? போய்ப் பாத்துக்க!"

முனிலட்சுமி வெட்கப்பட்டுப் பிரஷ்ஷைக் கடிக்க, உதட்டில் பச்சை ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. இறங்கியவள் சாந்தம்மா, சரோஜம்மாளின் தங்கை. கையில் தாம்பாளம். அதில் சேலை, ரவிக்கைத் துணி, தேங்காய், வெற்றிலை பாக்கு, பந்தாகச் சுருட்டிய மல்லிகை.

சென்னம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளை உள்ளே தள்ளி முகம் கழுவ வைத்தாள். விளக்கை ஏற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்களைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள்.

"ஆம்பளைங்க யாரையும் காணோமே?" என்று வெங்கடப்பன் அவள் காதைக் கடித்தான்.

"மொதல்ல பொம்பளைங்க வந்து பூ வெச்சிட்டுப் போவாங்க. அப்புறம்தான் ஆம்பளைங்க வருவாங்க. உங்களுக்கு என்ன தெரியும்? போய்ச் சட்டையைப் போடுங்க!"

"எதுக்குங்க எனக்கு இத்தனை உபசாரம்?" என்றாள் சாந்தம்மா கூச்சத்தோடு.

"செய்யாம இருப்போமா? எங்க வீட்டு மொதல் விசேஷமாச்சே!"

சாந்தம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். முகம் கழுவி வந்த முனிலட்சுமியின் தலையில் பூ வைத்து, குங்குமம் இட்டு, தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்தாள். முனிலட்சுமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காலில் விழுந்தாள்.

"மகராசியா இரு தாயி! கையா இது, பொன்னு! எங்க அக்கா உன் வேலையப் பத்திப் பேசிப் பேசி மாயறாங்க."

சென்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சேலையின் ஜரிகையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். வண்டிக்காரன் வைக்கோலைப் பரப்பித் தொட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினான்.

வெங்கடப்பன் சட்டைப் பித்தானைப் போட்டபடி வந்து தொண்டையைக் கனைத்தான். இனிமேல் கேட்பதில் தப்பில்லை.

"முகூர்த்தம் எப்பன்னு முடிவு பண்ணியிருக்கீங்க?"

"வர்ற வெள்ளிக்கிழமைங்க. அதான் தொட்டிய எடுத்துட்டுப் போக அவசரமா ஓடியாந்தேன். பொண்ணு கிருஷ்ணகிரி, நல்ல எடம். நீங்க எல்லாரும் கண்டிப்பா வந்துடணும்" என்றாள் சாந்தம்மா, மனசில் கள்ளமே இல்லாமல். "கல்யாணத்துக்கு வேலை செஞ்சவங்க வயிறு குளிரணும்னு, பந்தல்காரர், மேளக்காரர், சமையல்காரர் வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் எங்க அக்கா இதே சேலையத்தாங்க எடுத்திருக்காங்க."