214ஆம் பக்கம்

ப்லோவ்திவ் நகரில் மின்பூட்டு தயாரிக்கும் அந்தக் கம்பெனியில், கையேடு எழுதுவது நெவெனாவின் தலைவிதி. நிரல் எழுதுகிறவர்கள் அது எப்படி வேலை செய்யும் என்று மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். அவள் மேசை மேசையாகப் போய்க் கெஞ்சுவாள்.

"ஸ்தாமென் அண்ணே, நீங்க ஒருத்தர்தான் நிரல்ல ஒவ்வொரு பகுதிக்கும் மேல அது என்ன செய்யும்னு ஒழுங்கா குறிப்பு எழுதறீங்க. மத்தவங்களை என்னதான் செய்யறது?"

இருபது வருடப் பழக்கம். குறிப்பில்லாமல் எழுதினால் பல் தேய்க்காமல் காப்பி குடித்த மாதிரி இருக்கும் ஸ்தாமெனுக்கு. பாவப்பட்டு அவளுக்கு ஒரு நீட்சி நிரல் எழுதிக் கொடுத்தான். கையேடு தயாரிக்கும் மென்பொருளில் அதைச் செருகிவிட்டால் போதும். நிரலில் கிடக்கும் குறிப்புகளைத் தானே பொறுக்கியெடுத்துப் பக்கமாக்கிவிடும்.

"அடியில எழுதினவங்க பேரும் வரட்டும்ணே. வெட்கப்பட்டாவது எழுதுவாங்க."

"வரட்டும். எவன் படிக்கப் போறான்? வாங்கினவன் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுப்பான்" என்று சிரித்தான் ஸ்தாமென்.

அது போன வருடக் கதை. இந்த வருடம் அவனுக்கு வரவேண்டிய தலைமைப் பதவியை முதலாளி தன் மருமகனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில், நேற்று வந்தவனுக்கு எழுந்து நிற்க வேண்டும். ஸ்தாமெனுக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து, நகர அருங்காட்சியகம் அவர்களிடம் பூட்டு வாங்கியது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழங்காலத் தங்கக் கோப்பை ஒன்று, மே மாதக் கண்காட்சி வரை கிடங்கறைப் பெட்டகத்தில் இருக்கும்.

பூட்டின் நிரலுக்குள் ஒரு கள்ள வழி வைத்தான் ஸ்தாமென். பதினோரு எண்களை அழுத்தினால் திறக்கும். பதிவேட்டில் தடயமே விழாது. எல்லை தாண்டித் தெசலோனிக்கி நகரில் கோப்பையை வாங்க ஆளும் தயார்.

கம்பெனியில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நாற்பதாயிரம் வரி நிரலில் யார் தேடப் போகிறார்கள்? மருமகனோ பனித்சா பலகாரப் பொட்டலத்தைத் தவிர வேறெதையும் திறந்து பார்த்ததில்லை.

பயமெல்லாம் அருங்காட்சியகக் காவலாளி மித்கோவிடம்தான். ஓய்வு பெற்ற ஆள். கிடங்கறை வாசலில் உட்கார்ந்து, செய்தித்தாள் அட்டை போட்ட தடிப் புத்தகத்தில் மூழ்கியிருப்பார். பூட்டைப் பரிசோதிக்க மாதாமாதம் ஸ்தாமென் போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்ப்பார்.

"என்ன பெரியவரே, துப்பறியும் கதையா?"

"அதைவிட விறுவிறுப்பு தம்பி. படிக்கப் படிக்கக் கை நடுங்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆமா, இந்தப் பூட்டை இந்தத் தடவு தடவறியே. அப்படி என்னதான் வெச்சிருக்க அதுக்குள்ள?"

ஸ்தாமென் அவசரமாகக் கருவிப்பையை மூடினான். கிழம் மோப்பம் பிடித்துவிட்டது! இனி தாமதித்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தான்.

அடுத்த திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. காலை பதினோரு மணிக்குக் கருவிப்பையோடு போனான். வாசலில் வேறு ஆள்.

"மித்கோ எங்கே?"

"வெள்ளிக்கிழமையே வேலைய விட்டுட்டாரு அண்ணே. கடலோரமா போய் நிம்மதியா இருக்கப் போறாராம். கொடுத்து வெச்ச மனுஷன்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்தாமென் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பதினோரு எண்களையும் அழுத்தினான். பெட்டகம் சத்தமில்லாமல் திறந்தது. நீல வெல்வெட் பெட்டியை எடுத்து, மூடியைத் தூக்கினான்.

கோப்பை இல்லை. நாலாக மடித்த ஒரு காகிதம் மட்டும் இருந்தது.

'அன்புள்ள ஸ்தாமென், கள்ள வழியைப் பற்றிக் கையேட்டின் 214ஆம் பக்கத்தில் நீ எழுதியிருந்த குறிப்பு ரொம்பத் தெளிவு, பதினோரு எண்ணும் ஒன்றுகூடப் பிசகவில்லை. அடியில் உன் பெயரும் இருப்பதால், போலீஸுக்குச் சிரமம் வேண்டாமென்று அந்தப் பக்கத்தை இயக்குநர் மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். மித்கோ.'