காலைத் தள்ளிய கிக்கர்

ஒடுகத்தூர் பட்டறையில் தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் பைக்கின் டேங்கில் வட்டமாகக் கிடக்கிறது. கலைவாணியின் தம்பி, போன வருடம் இறந்த பூபாலனின் பைக் அது. மலையேற்றத்தில் திணறுகிறதென்று அவள் கொண்டுவந்திருக்கிறாள். எஞ்சினில் பிளக் இருந்த துளையில் அழுத்தம் அளக்கும் மீட்டரைத் திருகிவிட்டு, மெக்கானிக் தங்கவேல் கிக்கரை மிதிக்கிறார். முள் பாதிகூட ஏறவில்லை. "கம்ப்ரஷனே இல்லம்மா. மிதிக்கச்சொல்ல லேசா இருந்திருக்குமே?" "ஆமாண்ணா. நான் நல்லா பழகிட்டேன்னு நெனச்சேன்." அவர் சிரிக்க, அவளுக்கு முகம் சுடுகிறது. தம்பி இருந்தவரை இந்தக் கிக்கர் ஒருநாளும் அவளுக்குப் பணிந்ததில்லை. "களி துன்ற காலாக்கா இது?" என்று அவன் தள்ளி நின்று கேலி செய்வான். தங்கவேல் மூலையைக் காட்டுகிறார். "பழைய எஞ்சின் ஒண்ணு கீது, சாயங்காலமே மாட்டிடலாம். இதைச் செய்யணும்னா ஒரு வாரம் ஆவும்." கலைவாணி மூலையைப் பார்க்கவில்லை. "இதுல இன்னா போச்சுண்ணா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" அவர் மீட்டரைக் கழற்றி, துளைக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, மறுபடி திருகுகிறார். "இப்ப நீயே மிதி. ஆயில் சந்தை அடைச்சு கனமா இருந்தா, பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு. இல்லாங்காட்டி வால்வு." அவள் உடம்பின் எடையெல்லாம் போட்டு மிதிக்கிறாள். கிக்கர் பாதியில் நின்று, அவள் காலை மேலே தள்ளுகிறது. முள் துள்ளி ஏறுகிறது. "ரிங்குதான்," என்கிறார் தங்கவேல். அவள் இன்னொரு முறை மிதிக்கிறாள். மறுபடியும் தள்ளுகிறது. "இதையே செய்ங்கண்ணா," என்கிறாள் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே. "ஒரு வாரம் பஸ்ஸுல போய்க்கிறேன்."