நாற்பத்தாறு நோட்டீஸ்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ரோஸித்சா தெருவை நான்கு வழிச் சாலையாக்குவது குறித்து மாநகராட்சி மக்களின் பொன்னான கருத்துகளைக் கேட்கப்போகிறது. வியாழன் காலை பதினொரு மணி, சிறிய அரங்கம். அனைவரும் வருக.

இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க அழைப்பு, மாநகராட்சியின் மூன்றாவது மாடியில் ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்தது. முந்தைய இரண்டு கூட்டங்களுக்கும் இப்படித்தான் அழைத்தார்கள். ஈ காக்கை வரவில்லை. "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள்.

மூன்றாவதும் அப்படியே முடிந்தால் திங்கட்கிழமை தெரு மரங்களை வெட்ட ஆள் வந்துவிடும்.

செவ்வாயன்று யோர்தாங்கா துணை மேயரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். முப்பது வருடம் டிராலி பஸ் ஓட்டியவள். ஹாரன் அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

"ரோடு போட்டப்புறம் என் வீட்டு வாசல்ல மிஞ்சற நடைபாதை நாப்பது சென்டிமீட்டர். என் புருஷனோட சக்கர நாற்காலி அறுபது. அந்த மனுஷனை மடிச்சு வெளிய கொண்டு வரணுமா?"

"கூட்டத்துல வந்து சொல்லுங்கம்மா." துணை மேயர் இன்ஜினியர் பொகோமில் தாசெவ் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் ஒருத்தி சொன்னா, 'ஒரு கிழவி கத்தினா'ன்னு எழுதுவீங்க. தெருவே வரணும். தெருவுல நோட்டீஸ் ஒட்டுங்க."

"இந்த ஜனங்க எதைம்மா படிக்கறாங்க? வேணும்னா நீங்களே ஒட்டுங்க. என் பேரைப் போட்டு, என் படத்தையும் போட்டு, மரத்துக்கு மரம் ஒட்டுங்க. அப்பவும் ஒரு நாய் எட்டிப் பாக்காது!"

யோர்தாங்கா வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு. எதுக்கு?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமைக்கு ஆறு நாற்காலி போடச் சொல்லியிருந்தார் தாசெவ். கதவைத் திறந்தால் இருநூறு பேர் நின்றார்கள். எல்லோரும் இருப்பதில் நல்ல உடுப்பு. ஆளுக்கு இரண்டோ நான்கோ கார்னேஷன் பூ.

அவரைக் கண்டதும் அரங்கம் வாயடைத்துப் போனது. ஒரு பெண் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

தாசெவ் நெகிழ்ந்து போனார். "இந்த மாபெரும் மக்கள் பங்கேற்பு..." என்று ஆரம்பித்தார்.

"நாப்பது சென்டிமீட்டர்!" என்று எழுந்தாள் யோர்தாங்கா. சாலை வரைபடத்தை மேசைமேல் விரித்து, யார் யார் வாசல் போகிறது என்று விரலால் காட்டினாள். கூட்டம் முண்டியடித்துக்கொண்டு பார்த்தது. பிறகு வெடித்தது.

"ஜன்னலைத் திறந்தா லாரிக்காரன் என் சூப்பைக் குடிச்சிட்டுப் போவான்!"

"எங்க பிள்ளைங்க எப்படிய்யா ரோட்டைத் தாண்டும்? உன் கார் மேல ஏறியா?"

"நாப்பத்தாறு லிண்டன் மரம்! நட்டது எங்கப்பன். வெட்டறதுக்கு நீ யாரு?"

பூ கொண்டுவந்த ஒருவர் வாயிலிருந்தும் பூ உதிரவில்லை. குமாஸ்தாவின் பேனாவில் மை தீர்ந்தது. நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆட்சேபணைகள், அத்தனைக்கும் கீழே கையெழுத்து. இனி சட்டப்படி திட்டத்தை முதல் கோட்டிலிருந்து மறுபடி வரைய வேண்டும்.

தாசெவ் முகம் சிவந்து யோர்தாங்காவிடம் சீறினார். "ரெண்டு தடவை ஒருத்தன் வரலை. இன்னிக்கு இத்தனை பேரை எப்படி வரவழைச்சே?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். உங்க பேரு, உங்க படம். மரத்துக்கு ஒண்ணு."

"ஒரு நோட்டீஸுக்கா இவ்வளவு கூட்டம்?"

"நம்ம ஊர்ல எல்லாரும் நின்னு படிக்கற நோட்டீஸ் ஒரே வகைதான், இன்ஜினியர் ஐயா."

அதற்குள் கடைசி வரிசையிலிருந்த கிழட்டு ரொட்டிக்கடைக்காரர் தடியை ஊன்றி முன்னால் வந்து சேர்ந்தார். இரண்டு கார்னேஷனை மேசைமேல் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாசெவை மேலும் கீழும் பார்த்தார். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கறுப்புக் கட்டத்துக்குள்ள உங்க படம், வயசு அம்பத்தெட்டு, பதினொரு மணிக்கு இறுதி மரியாதைன்னு போட்டிருந்துச்சு. நேர்ல பாத்து உறுதி பண்ணிக்கலாம்னு கடையைப் பூட்டிட்டு, சாவுக்குன்னு ரெட்டைப்படையில பூ வாங்கிட்டு வந்தேன். சாகலையா நீங்க?"