வேட்டு வேண்டாம்

"பட்டாளத்துக்காரனை வேட்டுச் சத்தம் இல்லாம எடுக்கிறதா? ஊரு காறித் துப்பும், மதினி!"

சோலையப்பன் வாசலில் நின்று கத்தினார். காலடியில் விராலிமலையிலிருந்து வாங்கி வந்த வேட்டுக் கட்டு. செத்துப்போன அழகுமலை அவருக்குக் கூடப்பிறந்த அண்ணன். பர்மாச் சண்டைக்குப் போய் மெடலோடு திரும்பியவர்.

செங்கமலம் புருசனின் தலைமாட்டை விட்டு எழவில்லை.

"கொட்டு அடிக்கட்டும், சங்கு ஊதட்டும். வேட்டு மட்டும் வேண்டாம் தம்பி. வீட்டுல பச்சப்புள்ள கெடக்கு."

கூட்டம் மொத்தமும் கைக்குழந்தையோடு நின்ற மருமகள் சொர்ணத்தைத் திரும்பிப் பார்த்தது.

"இம்புட்டுக் கொட்டுக்கு முழிக்காத புள்ளையா வேட்டுக்கு அழுவப் போவுது?" என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள். "எல்லாம் கஞ்சத்தனம்டி. ஒரு மத்தாப்பு கொளுத்த மனசில்லாம, தீபாவளி தவறாம வீட்டைப் பூட்டிக்கிட்டு கொடும்பாளூருக்கு ஓடுனவுகதானே புருசனும் பொண்டாட்டியும்!"

இழவு வீடென்றும் பாராமல் யாரோ சிரித்தார்கள்.

சொர்ணம் வாசலை எட்டிப் பார்த்தாள். வெளியூரிலிருந்த அவள் புருசன் இன்னும் வந்து சேரவில்லை. செத்தவருக்குச் செய்யவேண்டிய மரியாதையை இந்தப் பிள்ளை பேரைச் சொல்லித் தடுத்தால், அந்தப் பாவம் இதன் தலையில்தானே வந்து விடியும்?

குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு மாமியார் காதருகே குனிந்தாள்.

"அத்தை, நான் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வயக்காட்டுப் பக்கம் போயிடுறேன். அவுக வேட்டுப் போடட்டும். எம்புள்ளைக்கு எதுக்குத்தை இந்தப் பழி?"

செங்கமலம் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கொட்டுச் சத்தத்தில் அவள் குரல் சொர்ணத்துக்கு மட்டும்தான் கேட்டது.

"புள்ளைக்காக இல்ல தாயி. ஒங்க மாமாவுக்குத்தான் ஆகாது. சண்டையிலேருந்து வந்த நாளா, எங்கிட்டு ஒரு வெடி வெடிச்சாலும் கட்டிலுக்கு அடியில போயி சுருண்டுக்குவாக. ஒடம்பு கெடந்து நடுங்கும். எஞ்சேலையை அவுக தலையோட போத்திப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஊருக்குத் தெரிஞ்சா சும்மா விடுமா? அதான் தீபாவளின்னா கொடும்பாளூருல ஆளில்லாத அந்தப் பழைய கோயில்ல கொண்டுபோயி வச்சிருந்து கூட்டியாருவேன்."

முந்தானையால் புருசனின் நெற்றியைத் துடைத்தாள்.

"போற அன்னிக்குமா அவுக பயந்துக்கிட்டுப் போகணும்?"

சொர்ணம் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மார்பின்மேல் அந்த மெடல் கிடந்தது.

வாசலில் சோலையப்பன் வேட்டுக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தார். சொர்ணம் விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

"சின்ன மாமா, நிறுத்துங்க! எம்புள்ளை பயந்துக்கும். ஒரு வேட்டுக்கூடப் போட விடமாட்டேன்!"

"மாமியாளுக்கு மேல ராங்கிக்காரியால்ல இருக்கா!" என்றாள் கண்ணாத்தாள்.

சொர்ணத்தின் தோளில் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.