படிக்கட்டுக்கு ஒரு மனு

தச்சன் கெல்வின் படிக்கட்டின் மேல்படியில் மண்டியிட்டு மரத்தை மெல்லத் தடவிப் பார்த்தான். "இந்த மாதிரி பிளாக்வுட் மரம் இனிமே எங்க கிடைக்கும்? ஒரு கீறல் விழக்கூடாதுன்னு நகராட்சியில சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றான்.

க்ளெனிஸ் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டாஸ்மேனியச் சிற்றூரின் கடைத்தெரு மாடியில், முப்பத்தொரு வருடமாக முடி திருத்தும் கடை நடத்துகிறவள் அவள். யாராவது படியைப் புகழ்ந்தால் தன்னையே புகழ்ந்ததுபோல இருக்கும் அவளுக்கு.

கட்டடத்தை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக உரிமையாளர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. கீழே செருப்புக் கடை காலியாகிவிட்டது. பக்கத்து அறைக்காரரும் போய்விட்டார். வேறு இடம் கேட்டு க்ளெனிஸ் ஏறி இறங்காத கடை பாக்கியில்லை. அறுபத்து மூன்று வயதுக்காரிக்கு இடம் கொடுக்க ஒருவருக்கும் மனசில்லை. இந்தக் கடையும் போனால் காலையில் எழுந்திருப்பதற்கே அவளுக்குக் காரணம் கிடையாது.

நகராட்சி அலுவலர் வந்து பார்த்து, பழுதான கட்டடம், இதில் உருப்படியானது இந்த மரப்படிக்கட்டு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். வழி காட்டியவள் மெர்ல். எண்பத்திரண்டு வயது, வாரம் தவறாத வாடிக்கையாளர்.

"உன் கடைக்காக இந்த ஊர்ல எவன் அழப்போறான், க்ளெனிஸ்? பழைய மரம்னா மட்டும் மூக்கைச் சிந்துவானுங்க. படியைக் காப்பாத்துங்கன்னு எழுது. படி நின்னா, கட்டடம் நிக்காம எங்க போகும்?"

அப்படியே நகராட்சிக்கு மனு எழுதினாள். தன் கடையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாமென்று கவனமாக விட்டுவிட்டாள். தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு உட்கார்ந்திருந்த கிழவிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை பதில் வந்தது. மரப்படிக்கட்டு பாதுகாக்கப்படும் என்ற முதல் வரியைப் படித்ததுமே அழுதுவிட்டாள். கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டினாள். காலி செய்யச் சொன்ன நோட்டீஸைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

இதோ, மூன்றாம் நாளே தச்சனும் வந்துவிட்டான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. அவனுக்கும் தேநீர் போட்டு, பழக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள்.

கெல்வின் சுண்ணக்கட்டியால் மேல்படியில் ஒன்று என்று எழுதினான். அடுத்ததில் இரண்டு. இப்படியே எழுதிக்கொண்டே கீழே இறங்கி, இருபத்திரண்டில் நின்றான். கைப்பிடிக் கம்பு ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்டினான். இவ்வளவு அக்கறையாக வேலை பார்க்கிறவனை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அவன் தேநீருக்கு மேலே வந்ததும், நாளைக்கு வியாழக்கிழமை, மெர்ல் வருவாள், அதற்குள் வேலை முடியுமா என்று விசாரித்தாள். அதற்கு முன்பே முடிந்துவிடும் என்றான்.

"நம்பரெல்லாம் எதுக்கு?"

"நூலகத்துல திரும்பப் பூட்டும்போது வரிசை மாறக்கூடாதில்ல? அங்க புது மாடி கட்டியிருக்காங்க. அதுக்குத்தான் இது போகுது."

க்ளெனிஸ் கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"அப்ப, இந்தக் கட்டடம்?"

"வர்ற திங்கக்கிழமை இடிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாதா? கடிதத்துல ரெண்டாவது பக்கத்துல இருக்குமே."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. கெல்வின் சங்கடத்தோடு தன் வேலைக் காகிதங்களைப் புரட்டினான். கடைசியில் அவளுடைய மனுவின் நகல் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தான். மறுபடியும் ஒரு முறை படித்தான்.

"நீங்க படியைத்தானே கேட்டிருக்கீங்க, க்ளெனிஸ்?"